தாய்லாந்தில் எல்லாம் குச்சியில்தான் சாப்பிடுகிறார்களா?

‘தாய்லாந்தில் சோற்றையும் குச்சியால்தான் (சாப்ஸ்டிக்) சாப்பிட வேண்டும், ஸ்பூன் கேட்டால் அவமரியாதை’ என்று பயணக் குறிப்பு ஒன்று சுற்றுகிறது. தவறு. ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் பலரும் இதே நினைப்போடு இறங்கி, சோற்றுத் தட்டோடு ஸ்பூனும் முள்கரண்டியும் வருவதைப் பார்த்து விழிக்கிறார்கள். சிலர் விடாமல் குச்சி கேட்டு வாங்குவதும் உண்டு, பாவம் கடைக்காரர்!

அங்கே ஸ்பூன் வலது கையில், முள்கரண்டி இடது கையில். முள்கரண்டியின் வேலை சோற்றையும் குழம்பையும் ஸ்பூனுக்குத் தள்ளிவிடுவது மட்டும். வாய்க்குப் போவது ஸ்பூன்தான். முள்கரண்டியால் சோற்றை வாயில் வைப்பதுதான் அவர்கள் கண்ணுக்கு உறுத்தும். இறைச்சி, காய் எல்லாம் அடுப்படியிலேயே துண்டாகிவிடுவதால் மேசையில் கத்திக்கு வேலையில்லை. இந்தப் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில் அரண்மனை வழியாக வந்தது. அதற்கு முன் கையால்தான் சாப்பிட்டார்கள்.

சரி, குச்சியே கிடையாதா? உண்டு. சீனர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் சூப்புக்குக் குச்சியும் குட்டை ஸ்பூனும் தருவார்கள். வடக்கிலும் வடகிழக்கு ஈசான் பகுதியிலும் ஒட்டரிசிச் சோற்றை இன்றும் கையால் உருட்டி, தொட்டுச் சாப்பிடுகிறார்கள்.