கொடியைக் கரையிலேயே ஏற்றக்கூடாதா?

இங்கிலாந்தில் மார்ச் மாத ஏரித் தண்ணீர் பெரும்பாலும் பத்து டிகிரியைக்கூடத் தொடாது என்பது எங்கள் பாய்ப்படகுக் கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், பந்தயம் நடத்துபவர்கள் காற்று நிலைகொள்ளாத காலையில் படகுகளை நீரில் இறக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் தொடக்கக் கோட்டையும் மிதவைகளையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பந்தயம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கிறது என்று சொல்லும் எச்சரிக்கை ஒலிக்காகக் காத்துக் கிடக்கும்போது, லேசர் என்னும் ஒற்றையாள் பாய்ப்படகில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு ஈரக் கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போய், பாயை இழுத்துப் பிடிக்கும் மெயின்ஷீட் கயிறு பிடியிலேயே நிற்பதில்லை. பந்தயம் தள்ளிப்போகிறது என்று அறிவிக்கச் சிவப்பும் வெள்ளையும் பட்டையிட்ட கொடி ஒன்று விதிகளிலேயே இருக்கிறது. அதைக் கரையில் ஏற்றிவைத்தால், இந்தப் பருவத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளாவது கதகதப்பாக உள்ளே இருப்பார்களே! போன வாரம் ஒரு சிறுமி, உதடு நீலம் பாரித்து, பந்தயம் தொடங்கும் முன்பே கரைக்குத் திரும்பிவிட்டாள். கேட்டால், காற்றின்மேல் பழியைப் போடுகிறார்கள்.