கொல்கத்தா ஃபுட்பால் டூர் போகிறவர்கள் முதலில் காலண்டரைப் பாருங்கள்

கொல்கத்தாவில் ஃபுட்பால் டூர் நடத்துகிறவர்களில் பலர் ஒரே தடத்தில்தான் வண்டியை விடுகிறார்கள். காலையில் சால்ட் லேக் ஸ்டேடியம் வாசலில் ஒரு போட்டோ. ஈடன் கார்டன்ஸை வெளியே நின்று ஒரு பார்வை. மைதானில் பூட்டிய கேட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம். பிறகு விக்டோரியா மெமோரியல், சாப்பாடு, முடிந்தது. ஆட்டம் இல்லாத நாளில் ஸ்டேடியம் வெறும் கான்கிரீட். அதைப் பார்க்க ஹவுரா வரைக்கும் ரயிலேற வேண்டியதில்லை.

இந்த ஊரின் ஃபுட்பால் கட்டடங்களில் தங்கவில்லை, அதற்குக் காரணம் நிலம். மைதான் என்கிற அந்தப் பரந்த வெளி முழுக்க ராணுவத்தின் பொறுப்பில் இருக்கிறது. நிரந்தரக் கட்டுமானத்துக்கு அனுமதி கிடைக்காது. நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள் இன்றைக்கும் தங்கள் அலுவலகத்தை 'டென்ட்' என்றுதான் சொல்கின்றன. ஊரின் பெரிய கிளப்புகளில் ஒன்றான மோகன் பகானின் மைதானத்தில் மூன்று பக்கம் கேலரி, நான்காவது பக்கத்துக்கு 'ராம்பார்ட்' என்று பெயர். பக்கத்திலிருக்கும் ஃபோர்ட் வில்லியம் கோட்டைச் சரிவில் நின்று ஓசியில் ஆட்டம் பார்த்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். உயரம் பற்றாதவர்கள் அட்டைக்குழாயில் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்துப் பொருத்தி, பெரிஸ்கோப் செய்து, முன்னால் நிற்பவர் தலைக்கு மேலாக ஆட்டம் பார்த்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் மியூசியம் கட்டி வைக்க முடியாது. ஆட்டம் நடக்கும்போது போனால்தான் பிடிபடும். அதனால்தான் தேதியை முடிவு செய்த பிறகு டிக்கெட் போடுங்கள் என்கிறேன்.

மூன்று சமயங்கள் உருப்படியானவை. ஒன்று, ஏப்ரல் நடுவில் வரும் வங்காளப் புத்தாண்டு. அன்றைக்குக் கிளப் மைதானங்களில் 'பார் பூஜை' நடக்கும். கோல்போஸ்ட்டின் குறுக்குக் கம்பத்துக்கு மாலை போட்டு, புரோகிதர் மந்திரம் சொல்லி, புது சீசனைத் தொடங்குவார்கள். நம் ஊர் ஆயுத பூஜையை நினைத்துக்கொள்ளுங்கள், அரிவாளுக்கும் லேத்துக்கும் பதிலாகக் கோல்போஸ்ட். காலையிலேயே முடிந்துவிடும், பத்து மணிக்கு மேல் போய் நின்றால் வாடிய பூதான் இருக்கும்.

இரண்டாவது ஜூலை 29, மோகன் பகான் தினம். 1911இல் அதே நாளில் ஐ.எஃப்.ஏ. (இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன்) ஷீல்டு போட்டியின் இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்தார்கள். வெள்ளைக்காரப் படையணி முதலில் கோல் போட்டது. கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்தார், அபிலாஷ் கோஷ் வெற்றி கோல் அடித்தார். பதினொரு பேரில் பூட்ஸ் போட்டவர் சுதீர் சாட்டர்ஜி ஒருவர்தான், மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். கூட்டத்தில் ஆட்டமே தெரியாமல் தவித்தவர்களுக்குப் பட்டம் பறக்கவிட்டு ஸ்கோர் தெரிவித்தார்கள் என்பது இங்கே எல்லோரும் சொல்கிற கதை.

மூன்றாவது, கல்கத்தா லீக் நடக்கிற மழைக்கால மாதங்கள். 1898இல் தொடங்கிய லீக் இது. என்னைக் கேட்டால் டூருக்கு இதுதான் சரியான காலம். ஆட்டம் பெரும்பாலும் மதியம் மூன்று மணி வாக்கில் தொடங்கும். ஆனால் பல டூர்கள் கவிழ்வதும் இங்கேதான். அட்டவணை கடைசி நேரத்தில் வரும், வந்த பிறகும் மாறும். மைதான் என்று நினைத்திருந்த ஆட்டம் நைஹாட்டிக்கோ கல்யாணிக்கோ போய்விடும். சியால்தாவிலிருந்து லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே ஒரே ஒரு ஆட்டத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். மூன்று நாள் தங்கினால் அதில் ஒன்றாவது மைதானில் மாட்டும்.

காலை நேரத்தை வடக்குக் கொல்கத்தாவுக்கு ஒதுக்குங்கள். எந்த டூரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, எனக்கு இருக்கிற பெரிய குறை அதுதான். ஷியாம்பஜார் மெட்ரோவில் காலையிலேயே இறங்கினால் ஃபரியாபுகூர் பக்கம்தான். 1889 ஆகஸ்ட் 15 அன்று மோகன் பகான் கிளப் உருவானது இங்கேயிருந்த மோகன் பகான் வில்லாவில். வில்லா இப்போது இல்லை, பெயர் தாங்கிய தெரு இருக்கிறது. அங்கிருந்து ஷோபாபஜார் ராஜ்பாரி, அதாவது ராஜா வீடு. இந்திய ஃபுட்பாலின் தந்தை என்று சொல்லப்படும் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி இந்த வீட்டு மாப்பிள்ளை. அவர் நடத்திய வெலிங்டன் கிளப்பில் மணி தாஸ் என்கிற குயவர் வீட்டுப் பையனைச் சேர்க்க மற்ற உறுப்பினர்கள் மறுத்தார்கள். அவர் அந்தக் கிளப்பையே கலைத்துவிட்டு, 1887இல் ஷோபாபஜார் கிளப்பைத் தொடங்கி மணி தாஸைச் சேர்த்துக்கொண்டார். 1892இல் டிரேட்ஸ் கோப்பையில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்ட்டை வென்றது இந்தக் கிளப்தான். இதைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் குமார்துலிக்குள் கூட்டிப்போக வேண்டும். அது குயவர் தெரு, துர்க்கை சிலைகளுக்கு வைக்கோல் கட்டி மண் அப்பிக்கொண்டிருப்பார்கள். சிலை பார்க்க வந்த கூட்டத்துக்குத் தெரியாத ஒன்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தெற்கே கொஞ்சம் நடந்தால் ஜோராபாகான். 1920இல் ஜோராபாகான் அணி மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரர் சைலேஷ் போஸை ஒதுக்கியது. அதில் கோபித்துக்கொண்டு வெளியேறிய சுரேஷ் சந்திர சௌதுரியும் கூட்டாளிகளும் தொடங்கியதுதான் ஈஸ்ட் பெங்கால். கிழக்கு வங்காளத்துக்காரர்களின் கிளப் பிறந்ததும் இதே வடக்குக் கொல்கத்தாவில்தான். பரம எதிரிகள் இருவருக்கும் நடக்கிற தூரம்தான் இடைவெளி.

நின்று பேசி நடக்க மூன்று மணி நேரம் போதும். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம், சந்துகளில் கைடு பேசுவது பின்னால் வருபவர் காதில் விழாது. கிரீஷ் பார்க்கில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடு. ஜெர்சி வாங்குவதானால் அங்கேயே மைதான் மார்க்கெட். வாங்குங்கள், ஆனால் அன்றைக்கே போட்டுக்கொள்ள வேண்டாம். பச்சை-மெரூன் மோகன் பகான், சிவப்பு-மஞ்சள் ஈஸ்ட் பெங்கால், கறுப்பு-வெள்ளை முகமதன். எந்த கேலரியில் உட்காரப் போகிறீர்கள் என்று தெரியாதவரைக்கும் சாம்பல் நிறச் சட்டை பத்திரம்.

மூன்று கிளப் டென்ட்டுகளும் நடந்தே சுற்றக்கூடிய தூரம். முகமதனை விட்டுவிட்டுப் போகிற கைடுகளை நம்பாதீர்கள். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக்கை வென்ற கிளப் அது, அந்த லீக்கை வென்ற முதல் இந்திய கிளப்பும் அதுவே. ஈஸ்ட் பெங்கால் டென்ட்டில் நம்மவர்கள் கேட்க வேண்டியது 'பஞ்ச பாண்டவர்' கதை: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேருமே தென்னிந்தியாவிலிருந்து போனவர்கள். கோப்பை அறையைப் பார்க்க வேண்டுமென்றால் கிளப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், வாசலில் நின்று கேட்டால் வேலைக்காகாது. கோட்டைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், டிரோன் நினைப்பே வேண்டாம். அது ராணுவத்தின் கிழக்குத் தலைமையகம்.

ஈடன் கார்டன்ஸைக் கடக்கும்போது இரண்டு தேதிகளைச் சொன்னால் போதும். 1977 செப்டம்பர் 24: பெலே ஆடிய காஸ்மாஸ் அணியோடு மோகன் பகான் 2-2. 1980 ஆகஸ்ட் 16: மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் டெர்பியில் நடந்த கலவரத்தில் 16 ரசிகர்கள் செத்தார்கள். முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிற டூர் அரைகுறை.

சால்ட் லேக் ஸ்டேடியத்தைக் கடைசியாக, ஆட்டம் இருந்தால் மட்டும் வையுங்கள். 1984இல் திறந்த ஸ்டேடியம். 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி டெர்பிக்கு 1,31,781 பேர் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக், ஈஸ்ட் பெங்கால் 4-1. 2017 அண்டர்-17 உலகக் கோப்பைக்காகத் தனி இருக்கைகள் போட்ட பிறகு அந்தக் கூட்டத்துக்கு இடமே இல்லை. எஸ்பிளனேடிலிருந்து கிரீன் லைன் மெட்ரோ நேராக ஸ்டேடியத்துக்கே போகிறது. டிக்கெட்டில் போட்டிருக்கும் கேட் எண்ணை இறங்கும்போதே பாருங்கள், தப்பான பக்கம் போனால் பாதி வட்டம் சுற்ற வேண்டிவரும். பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் ரூமிலேயே இருக்கட்டும். மெட்ரோவுக்கு ஸ்மார்ட் கார்டு முதல் நாளே எடுத்துவிடுங்கள். டெர்பி முடிந்து வெளியே வரும்போது கவுண்டர் வரிசை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.