கொழிஞ்சாம்பாறை வகுப்பறையிலிருந்து

மொழியியலாளர் ஃபிரெட் எக்மன் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்று. ஆனால் இரு மொழிகள் வேறுபட்டாலும் கற்கும் கடினம் இரு பக்கமும் ஒன்றல்ல என்ற அவருடைய 1977 கருதுகோளை ஒரே வரியில் தாண்டியிருக்க வேண்டாம். அதுதானே அவர் பணியின் உயிர்? இரு மொழிகளின் ஒலிகள் வேறுபட்டால் கடினம் என்று 1957இல் மொழியியலாளர் ராபர்ட் லாடோ சொன்னார். அந்தக் கடினம் யாருக்கு என்று கேட்டவர் எக்மன். சொல் இறுதியில் தொண்டை அதிரும் 'd'-யையும் அதிராத 't'-யையும் பிரித்துச் சொல்ல ஆங்கிலம் கற்கும் ஜெர்மானியர் திணறுவார்கள்; அவர்கள் மொழியில் அங்கே 't' மட்டுமே வரும். ஜெர்மன் கற்கும் ஆங்கிலேயருக்கு அந்தப் பாடு இல்லை.

பாலக்காடு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலையாளம் சொல்லிக்கொடுத்தவன் நான். மலையாளத்தில் 'எந்நால்' என்றால் 'அப்படியானால்', 'என்னால்' என்றால் 'என்னால்'தான். மலையாளத்தில் இரண்டையும் எழுதும் எழுத்து ஒன்றே, ஒலி இரண்டு: நாக்கு பல்லில் பட்டால் ந, சற்று மேலே பட்டால் ன. நமக்கோ ந, ன என எழுத்து இரண்டு, பேச்சில் ஒலி ஒன்று! நம் பிள்ளைகள் தம் பேச்சில் இல்லாத வேறுபாட்டைப் புதிதாய்க் கேட்கப் பழக வேண்டும். தமிழ் கற்கும் மலையாளப் பிள்ளை அதை விட்டுவிட்டாலே போதும். எத்தனை பிள்ளைகள் இதற்காக 'கவனமில்லை' என்று திட்டு வாங்கியிருக்கிறார்கள்! நானும் திட்டியிருக்கிறேன், இன்றும் மனசு உறுத்துகிறது. ஆசிரியர் பயிற்சியில் இதைச் சொல்லித்தர வேண்டும்.