ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் எங்க அம்மாவும்

மார்கழி பொறந்தா போதும், எந்திரிச்சதும் எனக்கு பதினஞ்சு இருவது தும்மல், அப்புறம் மூக்கு ஒழுகும், ராத்திரி ஒருக்களிச்சு படுத்தா கீழ் பக்கம் அடைச்சுக்கும், திரும்பிப் படுத்தா அந்தப் பக்கம் அடைச்சுக்கும். போன வருஷம் ஈஎன்டி டாக்டர் மொமெட்டசோன் ஸ்ப்ரே எழுதிக் குடுத்தார். அம்மா அட்டைப்பெட்டிய பாத்துட்டு, "ஸ்டீராய்டாமே, ஜிம்முக்கு போற பசங்க போடுறதுதானே, கிட்னி போயிடும்டா"ன்னாங்க. நானும் பீரோக்குள்ள போட்டுட்டேன்.

கூத்து என்னன்னா, மெடிக்கல்ல சீட்டே இல்லாம வாங்குன சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்த ஏழு மாசம் விட்டுருக்கேன், அதுக்கு வீட்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல! விட்ட கொஞ்ச நேரத்துல மூக்கு தொறந்துக்கும்ல, அந்த சொகம். ஆனா அத அஞ்சு நாளைக்கு மேல விட்டா, வேகம் எறங்குனதும் உள்ள ரத்தக்குழாய் திரும்ப வீங்கி முன்னவிட மோசமா அடைக்கும். தலகாணிக்கடில பாட்டில் இல்லன்னா தூக்கம் வராதுங்குற நெலமைக்கு வந்தப்பறம்தான் மறுபடி டாக்டர்ட்ட ஓடுனேன்.

ஜிம் சமாச்சாரம் அனபாலிக், அதாவது சதை ஏத்துற ஸ்டீராய்டு, அது வேற வகையறா. டாக்டர் குடுத்த இந்த மூக்கு ஸ்ப்ரே நம்ம அட்ரினல் சுரப்பி சுரக்குற கார்ட்டிசால்ங்குற ஹார்மோனோட சொந்தக்காரன். ஒரு அமுக்குக்கு 50 மைக்ரோகிராம், ஒவ்வொரு மூக்கு ஓட்டைக்கும் ரெண்டுன்னா மொத்தம் 200, அதுலயும் மொமெட்டசோன் ரத்தத்துல கலக்குறது 1 சதவீதத்துக்கும் கம்மி. புடசொனைடு, பெக்லோமெட்டசோன் மாதிரி மத்த ஸ்டீராய்டு ஸ்ப்ரே எல்லாம் இதவிட கூடுதலா கலக்கும், அதனால எல்லா ஸ்ப்ரேயும் ஒண்ணுன்னு நெனச்சு பக்கத்து வீட்டுக்காரரோடத வாங்கி அடிக்காதீங்க.

தொந்தரவே இல்லன்னு சொல்லல. ஸ்ப்ரே அடிக்க ஆரம்பிச்ச மொத வாரம் மூக்கு சிந்துனா கர்ச்சீப்புல செவப்பு கோடு. ரெண்டு மூக்கு ஓட்டைக்கும் நடுவுல இருக்குற தண்டு மேல நேரா அடிச்சுட்டு இருந்துருக்கேன். இப்ப தலைய லேசா குனிஞ்சு, வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு, முனை காது பக்கம் பாத்த மாதிரி. அடிச்சதும் சர்ருன்னு உறிஞ்சக்கூடாது, தொண்டைக்கு போயிடும். ரத்தம் நின்னுடுச்சு. சின்ன பசங்க ரொம்ப நாள் போட்டா டாக்டருங்க உயரத்த அளந்துட்டே வருவாங்க, கண்ணுல பிரஷர், புரை இருக்குறவங்களும் இழுப்புக்கு இன்ஹேலர் எடுக்குறவங்களும் முன்கூட்டியே சொல்லிடணும்.

இன்னொண்ணு, இது முழுசா வேலை செய்ய வாரம் ரெண்டு ஆகும். மூணாம் நாளே "ஒண்ணும் கேக்கல"ன்னு தூக்கிப் போடுற ஆளுங்கதான் நெறைய, நானும் போட இருந்தேன்.

இன்னிக்கு காலைல ரெண்டே தும்மல். அம்மா மட்டும் இன்னும் "எப்படா நிறுத்துவ"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, தை முடியட்டும்மா, டாக்டர்ட்ட கேட்டு கொறைச்சுக்கலாம்னு சொல்லிருக்கேன்.