முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது முக்கியமா?

இலவச மருத்துவ முகாம் நடத்தும் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லிவிடுகிறேன். பேனர், டோக்கன், ஒரு வாரத்துக்குப் பிரஷர் மாத்திரை, சாயங்காலம் குரூப் போட்டோ. பல முகாம்கள் வருடக்கணக்காக இதைத் தாண்டவே இல்லை.

கண் முகாம்கள் அப்படியே நின்றுவிடவில்லை. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே புரை ஆபரேஷன் செய்தார்கள். லென்ஸ் வைப்பது பரவலாகாத காலம். கட்டுப் பிரித்ததும் சோடாபுட்டிக் கண்ணாடி. அது உடைந்தால் பாட்டிக்கு மறுபடி எல்லாம் மங்கல்தான். கேட்கலாம் என்றால் டாக்டர் ஊரில் இல்லை.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நாளடைவில் ஊரில் பரிசோதனை மட்டும், ஆபரேஷன் மருத்துவமனையில் என்று ஆனது. தேவைப்பட்டவர்களை அன்றே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, இலவசமாகச் செய்து திருப்பி அனுப்பினார்கள். 1992இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் வந்து லென்ஸ் விலையும் இறங்கியது.

இதில் தன்னார்வலர்களின் வேலையும் மாறியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். லயன்ஸ், ரோட்டரிக்காரர்களுக்கு மேடையைவிட அதிகம் வேலை தெருவில்தான். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல வேண்டும். "அறுப்பு முடியட்டும் தம்பி", "பேரப்பிள்ளைக்கு யாரு சோறு போடுவா" என்று தட்டிக்கழிக்கிற ஆத்தாக்களை பஸ் ஏற வைக்க வேண்டும். (அது ஆபரேஷனைவிடக் கஷ்டம்.)

அப்படியும், 1990களில் நடந்த ஓர் ஆய்வில், கண் கோளாறு உள்ளவர்களில் பத்தில் ஒருவர்கூட முகாமுக்கு வரவில்லை என்று தெரிந்தது. 2004 வாக்கில் சிறு ஊர்களில் கண் மையங்கள் வரத் தொடங்கின. பயிற்சி பெற்ற ஊழியர் அங்கே பரிசோதிப்பார், மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் இணையம் வழியாகப் பார்த்துச் சொல்வார். அடுத்த முகாம் எப்போது என்று காத்திருக்க வேண்டியதில்லை.

சுகர், பிரஷருக்கு இது இன்னும் பொருந்தும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிற டாக்டர் அதைப் பார்க்காமல் வேறு பெயரில் ஒன்று எழுதிக்கொடுத்தால், தாத்தா இரண்டையும் சேர்த்து விழுங்குவார். அதற்குப் பதிலாக முதலில் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸைக் கேளுங்கள். சுகர்காரர்களின் பாதத்தையும் விழித்திரையையும் பார்க்க ஆள் வேண்டும் என்பார், இல்லை வேறு ஏதாவது சொல்வார். அதைச் செய்யுங்கள். அதே ஊருக்கு, யாருக்கு என்ன என்று குறித்துவைத்த அதே நோட்டோடு, மூன்று மாதம் கழித்தும் போங்கள்.

முகாமுக்கு நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் போட்டோ பார்ப்பதில்லை. போன தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்களில் யார் யார் போனார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை என்ற பட்டியலைக் கேட்கிறேன். அது இருந்தால் பணம் உண்டு.