மொட்டை மாடி வெயிலில் கூஸ் வாத்து முட்டை பொரியாது

"சென்னை வெயிலுக்கு இன்குபேட்டரே (முட்டை பொரிக்கும் கருவி) வேண்டாம், மாடியில் அட்டைப்பெட்டிக்குள் முட்டையை வைத்தால் 21 நாளில் குஞ்சு" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு, நம்பி வைத்தால் உள்ளே உருவாகும் கரு செத்துத்தான் போகும்.

21 நாள் கோழிக்கான கணக்கு. கூஸ் வாத்துக்கு பெரும்பாலும் 28 முதல் 32 நாள் ஆகும், சில நேரம் இன்னும் கூட. கருவுக்கு இரவும் பகலும் ஏறத்தாழ 37.5 டிகிரி ஒரே சீராக இருக்க வேண்டும் (விசிறி உள்ள இன்குபேட்டருக்கு இந்தக் கணக்கு), ஆனால் மே மாத மாடியில் மதியம் 40-ஐத் தாண்டி, ராத்திரி 30-க்குக் கீழே இறங்கும்போது அது வளரத் தொடங்கி பாதியிலேயே நின்றுவிடும்.

"கடல் காற்றில் ஈரம் இருக்கிறது, தண்ணீர் வைக்க வேண்டாம்" என்பதும் சரியில்லை. காற்று சூடானால் அதன் ஈரப்பத சதவீதம் இறங்கிவிடும், அதனால் ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் கருவி) ஒன்றை இன்குபேட்டருக்குள் வைத்து முதலில் 50-55 சதவீதம், கடைசி மூன்று நாள் 70-க்கு மேல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையைப் படுக்கவைத்து தினமும் மூன்று முதல் ஐந்து முறை திருப்ப வேண்டும், கடைசி மூன்று நாளில் திருப்பவே கூடாது. பத்தாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், ரத்த நாளம் தெரியாமல் வெறும் மஞ்சளாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். அப்புறம், கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முட்டை வாங்கும் முன்பே யோசித்து வையுங்கள்.