நாலில் ஒரு பங்கு

(இரவு எட்டரை மணி. தம்பி தனியாகக் குடியேறி நான்காம் நாள். அக்காவுக்குப் போன் போடுகிறான்.)

தம்பி: அக்கா, முட்டை வேக எவ்வளவு நேரம் ஆகும்?

அக்கா: கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பத்து நிமிடம்.

தம்பி: நான் இரண்டரை நிமிடத்தில் எடுத்து உரிக்கப் போனேன். இப்போது அது சட்டையில் இருக்கிறது.

அக்கா: அது என்னடா இரண்டரைக் கணக்கு?

தம்பி: சமையல் குறிப்பில் நாலு பேருக்கு நாலு முட்டை, பத்து நிமிடம் என்று இருந்தது. நான் ஒரே ஆள். நாலால் வகுத்தேன்.

அக்கா: நேரத்தையுமா?

தம்பி: நேற்று அரிசியையும் தண்ணீரையும் மட்டும் வகுத்தேன், சோறு கருகிவிட்டது. நேரத்தை வகுக்காததுதான் தப்பு என்று நினைத்தேன்.

அக்கா: நாலு பேர் பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். நீ மட்டும் ஏறினால் கால் மணியில் இறக்கிவிடுவார்களா?

தம்பி: (யோசித்து) நிறுத்தமாவது குறையுமே.

அக்கா: சோற்றை எந்தப் பாத்திரத்தில் வைத்தாய்?

தம்பி: நீ கொடுத்தாயே, உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போல ஒன்று.

அக்கா: அதுதான் விஷயம். அகலமான பாத்திரத்தில் கொஞ்சூண்டு தண்ணீர் வைத்தால் அரிசி வேகும் முன்பே ஆவியாகிவிடும். சின்னப் பாத்திரம், இறுக்கமான மூடி, சிறு தீ. சரி, வெங்காயம்?

தம்பி: கால் வெங்காயம் போட்டேன். மீதி முக்கால் மூடாமல் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இப்போது பால், ஐஸ்கட்டி எல்லாமே வெங்காயம்தான்.

அக்கா: இனிமேல் முழு வெங்காயத்தையும் போடு. பயறும் காயும் நாலு பேர் அளவுக்கே வேகவை. வகுத்தலை வெந்த பிறகு வைத்துக்கொள். இரண்டு பங்கு ஃப்ரிட்ஜில், இரண்டு பங்கு உறையவைக்கிற பெட்டியில்.

தம்பி: தினமும் அதையே தின்றால் மூன்றாம் நாள் நானும் பயறும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதே.

அக்கா: முதலிலேயே மசாலாவைக் கொட்டினால் அப்படித்தான். வெறுமனே வேகவைத்து எடுத்துவை. ஒரு நாள் பூண்டைச் சிவக்க வறுத்துக் கொட்டு. இன்னொரு நாள் எலுமிச்சை பிழிந்து, மேலே முட்டை. வேகவைத்த முட்டை! ஆனால் மிஞ்சின சோற்றை மட்டும் ராத்திரி முழுக்க வெளியே வைக்காதே. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வை.

தம்பி: காலையில் சூடு பண்ணினால் போச்சு.

அக்கா: போகாது. பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி...

தம்பி: பெயரே சீரியஸாக இருக்கிறதே.

அக்கா: அதன் வித்து கொதித்தாலும் சாகாது. வெளியே கிடக்கிற சோற்றில் முளைத்துப் பெருகி நஞ்சை விட்டுவைக்கும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு அழியாது.

தம்பி: நான்கூடத் தனியாக இருக்கிறேன் என்று நினைத்தேன்.

அக்கா: அப்புறம், தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறாயா?

தம்பி: அடுப்பு முன்னால் நின்று, சட்டியிலேயே. தட்டு எடுத்தால் கழுவ வேண்டுமே.

அக்கா: உன் ஒருவனுக்கு ஒரு தட்டு கழுவ வலிக்கிறதா?

தம்பி: சரி சரி. நீ என்ன சாப்பிட்டாய்?

அக்கா: நானா? இன்றைக்கு வீட்டில் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். ஒருத்திக்காக எதற்கு அடுப்பு பற்றவைப்பது என்று...

தம்பி: என்று?

அக்கா: பிஸ்கட்.

தம்பி: எத்தனை?

அக்கா: நாலு.

தம்பி: ஒரே ஆள்தானே அக்கா. நாலால் வகுத்திருக்கலாமே!